‘உனக்கும் எனக்கும் இடையில்’: ஆங்கில முன்னிடைச்சொல்லும் மூவிடப்பெயரும்



தமிழாசிரியர்களுக்கான பக்கத்தில் ஆங்கிலப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி எழுதிய ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன்.

பள்ளி விளையாட்டுப் போட்டியைப் பற்றிய கட்டுரை அது. போட்டி முடிந்ததும் அப்பா வாசலில் காத்திருந்ததைச் சொல்ல, “மை ஃபாதர் வெயிட்டெட் ஃபார் மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ” என்று எழுதியிருந்தாள். நான் ‘ஐ’ என்ற சொல்லைச் சுழித்து, மேலே ‘மீ’ என்று எழுதினேன். மறுநாள் பழைய கட்டுரை ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“டீச்சர், போன மாசம் ‘மீ அண்ட் மை ஃப்ரெண்ட்’னு எழுதுனேன். நீங்கதான் அதை அடிச்சிட்டு ‘மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ’ன்னு திருத்துனீங்க. இப்ப அதையே எழுதுனா மறுபடியும் அடிக்கிறீங்க. எதை நம்புறதுன்னே தெரியல டீச்சர்.”

ஏட்டைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். என் இரண்டு திருத்தமும் சரி. ஆனால் இரண்டுக்கும் நான் காரணம் சொல்லவில்லை. முதல் திருத்தத்திலிருந்து அவள் ஒரு விதியைத் தானே செய்துகொண்டாள்: ‘மீ’ என்றால் தப்பு, ‘ஐ’ என்றால் மரியாதை. காரணமில்லாத என் சிவப்பு மைதான் இரண்டாவது பிழையைப் பெற்றெடுத்தது.

“சரிம்மா, இதையே தமிழ்ல சொல்லு பாக்கலாம்” என்றேன்.

“அப்பா என் ஃப்ரெண்டுக்காகவும் எனக்காகவும் காத்திருந்தாரு.”

“ஏன் ‘நானுக்காகவும்’னு சொல்லல?”

சிரித்துவிட்டாள். “அப்படி யாரு டீச்சர் பேசுவா?”

அந்தச் சிரிப்பில் பாடம் முடிந்துவிட்டது. விதி அவளுக்கு முன்பே தெரியும். மூன்று வயதிலிருந்தே அதைப் பிழையில்லாமல் பேசி வருகிறாள். அந்த விதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் சொல்கிறது: எங்கே தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும்.

(ஆங்கில வாக்கியங்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஏட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.)

1. அடிப்படை விதி

தமிழில் ‘நான்’ வேற்றுமை உருபை ஏற்கும்போது ‘என்’ என்று திரியும். நான் + கு = எனக்கு. நான் + ஓடு = என்னோடு. அதேபோல் நீ → உன், நாம் → நம், நாங்கள் → எங்கள் என்று திரியும். இது வேற்றுமைப் பாடத்தில் நாம் நடத்துவதுதான்.

ஆங்கிலத்தில் உருபு, பெயருக்குப் பின்னால் ஒட்டுவதில்லை. டு, ஃபார், வித், ஃப்ரம், பிட்வீன், நியர் போன்ற சொற்கள் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். இவற்றைத்தான் முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன் என்கிறோம். இடம் மாறினாலும் வேலை ஒன்றுதான். முன்னிடைச்சொல் வந்துவிட்டால் அதற்குப் பின்வரும் மூவிடப்பெயர் எழுவாய் வடிவத்தில் நிற்காது. திரிந்த வடிவத்தில்தான் நிற்கும்.

ஐ → மீ
வீ → அஸ்
ஹீ → ஹிம்
ஷீ → ஹெர்
தே → தெம்
ஹூ → ஹூம்
யூ, இட் இரண்டும் திரியாது.

ஹிம், தெம், ஹூம் மூன்றும் ‘ம்’ என்று முடிவதைக் கவனியுங்கள். நினைவில் வைத்துக்கொள்ள எளிது.

நம் பிள்ளைகள் படிக்கும் மூன்று மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலாயில் ‘சாயா’ எங்கே வந்தாலும் ‘சாயா’தான். நான் என்பதற்கும் அதுதான். ‘கெபாட சாயா’, ‘டெங்ஙான் சாயா’ என்னும்போதும் அதுதான். ‘டியா’ என்ற சொல்லும் அப்படியே. தமிழிலோ தன்மையும் முன்னிலையும் திரியும், அவன், அவள், அவர் போன்ற படர்க்கைப் பெயர்கள் திரியாது. அவன் + ஓடு = அவனோடு. ‘அவன்’ அப்படியே நிற்கிறது.

“கம் வித் ஐ” என்று நம் பிள்ளைகள் அநேகமாக எழுதமாட்டார்கள். ஆனால் “ஐ வென்ட் வித் ஹீ”, “ஐ கேவ் இட் டு ஷீ” என்று தொடக்க நிலையில் எழுதுகிறார்கள். படர்க்கையில் மலாயும் திரியவில்லை, தமிழும் திரியவில்லை. பிள்ளைக்குத் துணை யாருமில்லை. ஆகவே ஹிம், ஹெர், தெம் மூன்றுக்கும் கூடுதல் பயிற்சி கொடுங்கள்.

2. இரண்டு பேர் சேரும்போது

தனியாக வரும்போது சரியாக எழுதும் மாணவர், ‘அண்ட்’ சேர்ந்ததும் தடுமாறுகிறார். இதற்கு இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது, நீக்கல் சோதனை. கூட இருப்பவரை நீக்கிவிட்டுப் படியுங்கள். “மை ஃபாதர் வெயிட்டெட் ஃபார் ஐ” என்று காது ஏற்குமா? ஏற்காது. “ஃபார் மீ” என்றால் ஏற்கும். ஆகவே “ஃபார் மை ஃப்ரெண்ட் அண்ட் மீ” என்பதே சரி.

நீக்கல் சோதனை ‘பிட்வீன்’ வரும் இடத்தில் வேலை செய்யாது. ஒருவரை நீக்கினால் ‘இடையில்’ என்பதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். அங்கேதான் இரண்டாவது சோதனை.

அது தமிழ்ச் சோதனை. “இது உனக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்” என்கிறோம். “நீயும் நானும் இடையில்” என்று யாரும் சொல்வதில்லை. தமிழ், ‘உம்’ சேர்த்து அடுக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே உருபு கொடுக்கிறது. ஆகவே “பிட்வீன் யூ அண்ட் மீ” என்பதே சரி.

அதே சோதனை எதிர்த் திசையிலும் வேலை செய்யும். “மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட் டு த கேன்டீன்.” தமிழில் என்ன சொல்வோம்? “நானும் என் நண்பனும் கேன்டீனுக்குப் போனோம்.” இங்கே ‘நான்’ வருகிறது. ஆகவே “மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ”. அன்று நான் செய்த இரண்டு திருத்தங்களையும் இந்த ஒரே சோதனை விளக்கிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. “பிட்வீன் யூ அண்ட் ஐ” என்பவர்களை ஏளனம் செய்யாதீர்கள். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்கள் பலர் அப்படிப் பேசுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அந்தோணியோ எழுதும் கடிதத்திலும் ‘பிட்வீன்’ என்பதற்குப் பின் ‘ஐ’ வருகிறது. ஆனாலும் இன்றைய தரமான எழுத்து வழக்கு ‘மீ’ தான். தேர்வுத்தாளில் அதையே எழுதுங்கள்.

3. ‘மைசெல்ஃப்’ என்னும் ஒளிவிடம்

‘ஐ’ சரியா, ‘மீ’ சரியா என்று சந்தேகம் வந்ததும் பலர் ‘மைசெல்ஃப்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். “ப்ளீஸ் கான்டாக்ட் த ஹெட்மாஸ்டர் ஆர் மைசெல்ஃப்” என்று சுற்றறிக்கை எழுதுகிறோம். தமிழில் “தலைமையாசிரியரையோ என்னையோ தொடர்புகொள்ளுங்கள்” என்போமே தவிர, “என்னையே” என்போமா? ஆகவே “ஆர் மீ” போதும்.

செய்பவரும் செயலுக்கு உள்ளாகிறவரும் ஒருவரே என்றால் ‘செல்ஃப்’ வரும். “ஐ பாட் இட் ஃபார் மைசெல்ஃப்”: எனக்காகவே வாங்கிக்கொண்டேன். “லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்”: உன்னைப் பார்த்துக்கொள். “ஹீ லிவ்ஸ் பை ஹிம்செல்ஃப்”: அவர் தனியாக வசிக்கிறார்.

இதில் தமிழ் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்றுண்டு. “அவள் பையைத் தன்னோடு எடுத்துச் சென்றாள்” என்கிறோம். ‘தன்’ இருக்கிறதே என்று மாணவர்கள் “ஷீ டுக் த பேக் வித் ஹெர்செல்ஃப்” என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இது “வித் ஹெர்” தான். ஒருவர் உடலைச் சுற்றிய இடத்தையோ, கையில் கொண்டுசெல்வதையோ சொல்லும்போது ‘செல்ஃப்’ வேண்டாம். “ஹீ லுக்ட் பிஹைண்ட் ஹிம்”, “ஐ ஹாவ் நோ மணி ஆன் மீ”, “பிரிங் யுவர் ஐசி வித் யூ”.

4. ‘டர்ன் இட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர் இட்’

அன்றாடப் பேச்சில் அடிக்கடி வருவது இது. தமிழ் இங்கே உதவாது; ஆங்கிலத்தின் சொந்த விதியைத்தான் பிடிக்க வேண்டும்.

“டர்ன் ஆஃப் த ஃபேன்” என்றும் சொல்லலாம். “டர்ன் த ஃபேன் ஆஃப்” என்றும் சொல்லலாம். ஆனால் ‘த ஃபேன்’ போய் ‘இட்’ வந்துவிட்டால் “டர்ன் இட் ஆஃப்” மட்டுமே சரி. “டர்ன் ஆஃப் இட்” பிழை.

“லுக் ஆஃப்டர் த பேபி” அப்படியல்ல. “லுக் த பேபி ஆஃப்டர்” என்று பிரிக்கவே முடியாது. ஆகவே மூவிடப்பெயரும் கடைசியில்தான் வரும்: “லுக் ஆஃப்டர் ஹெர்”.

காரணம் இதுதான். ‘ஆஃப்டர்’ அங்கே உண்மையான முன்னிடைச்சொல். தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். ‘ஆஃப்’ அங்கே வினையோடு சேர்ந்த துணைச்சொல், நகரும்.

முதலில் சாதாரணப் பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். பெயர் நடுவில் போக முடிகிறதா? அப்படியானால் மூவிடப்பெயர் கட்டாயம் நடுவில் போகும். முடியவில்லையா? மூவிடப்பெயர் கடைசியில் நிற்கும்.

நடுவில்: பிக் ஹிம் அப், ஃபில் இட் இன், கால் மீ பேக், த்ரோ தெம் அவே.
கடைசியில்: லுக் ஃபார் ஹெர், வெயிட் ஃபார் அஸ், லிசன் டு மீ, டிபெண்ட் ஆன் தெம்.

5. ‘ஆஃப் மீ’, ‘ஆஃப் மைன்’

“என் நண்பர்களில் ஒருவர்” என்பதற்கு “எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ” என்று எழுதுகிறார்கள். அடிப்படை விதிப்படி சரிபோலத் தோன்றும். ஆனால் ஒருவருக்கு உரியவற்றுள் ஒன்று என்னும் பொருளில் ‘ஆஃப்’ வந்தால் மைன், யுவர்ஸ், ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் ஆகியவையே வரும். “எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்”, “எ கசின் ஆஃப் அவர்ஸ்”.

இரண்டுக்கும் பொருள் வேறுபாடும் உண்டு. “எ ஃபோட்டோ ஆஃப் மீ” என்றால் படத்தில் இருப்பது நான். “எ ஃபோட்டோ ஆஃப் மைன்” என்றால் அது எனக்குச் சொந்தமான படம். உள்ளே இருப்பது பூனையாகக்கூட இருக்கலாம். தமிழில் “என் படம்” என்றால் இரண்டும்தான்.

6. முன்னிடைச்சொல் வேண்டாத இடங்கள்

தமிழ் உருபைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் வரும் பிழைகள் இவை. “என்னிடம் சொன்னார்” என்பதை நினைத்து “ஹீ டோல்ட் டு மீ” என்று எழுதுகிறோம். “அவரிடம் கேட்டேன்” என்பது “ஐ ஆஸ்க்ட் ஃப்ரம் ஹிம்” ஆகிறது. மலாயின் ‘பெர்பிஞ்சாங் தெந்தாங்’, தமிழின் ‘அதைப் பற்றி’ இரண்டும் சேர்ந்து “வீ டிஸ்கஸ்ட் அபௌட் இட்” என்று எழுத வைக்கின்றன. ‘பெர்காவின் டெங்ஙான்’ என்பதன் சாயலில் “ஷீ மேரிட் வித் ஹிம்” வருகிறது.

சரியானவை: “ஹீ டோல்ட் மீ”, “ஐ ஆஸ்க்ட் ஹிம்”, “வீ டிஸ்கஸ்ட் இட்”, “ஷீ மேரிட் ஹிம்”.

இதற்கு நேர்மாறு ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘சே’ இரண்டும். “ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ” அல்ல. “ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ”. “ஹீ செட் மீ” அல்ல. “ஹீ செட் டு மீ”. ‘டெல்’ என்றால் ‘டு’ வேண்டாம், ‘சே’ என்றால் ‘டு’ வேண்டும். இந்த இரண்டையும் ஜோடியாகவே மனத்தில் வையுங்கள்.

இன்னொன்று. தமிழில் ‘எனக்கு’ வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘டு மீ’ ஆகாது. “எனக்குப் பசிக்கிறது” என்பது “ஐ ஆம் ஹங்க்ரி”. “எனக்கு ஓர் அக்கா இருக்கிறார்” என்பது “ஐ ஹாவ் அன் எல்டர் சிஸ்டர்”. ஆகவே தமிழ்ச் சோதனையின் எல்லையைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆங்கில வாக்கியத்தில் முன்னிடைச்சொல் ஏற்கெனவே இருந்தால், பின்வரும் சொல் எந்த வடிவம் என்பதைத் தமிழ் சொல்லும். எந்த முன்னிடைச்சொல், அது வேண்டுமா வேண்டாமா என்பதைத் தமிழ் சொல்லாது. அதை வினையோடு சேர்த்து மனனம் செய்யத்தான் வேண்டும்.

7. ஹூம், தேன்: இரு வழக்குகள்

“யாருக்கு” என்று கேட்கும்போது பேச்சில் “ஹூ ஆர் யூ டாக்கிங் டு?” என்பதே இயல்பு. அலுவல் கடிதத்திலும் முறையான கட்டுரையிலும் ‘டு’ முன்னால் வந்தால் ‘ஹூம்’ வேண்டும்: “டு ஹூம் ஆர் யூ ஸ்பீக்கிங்?” சான்றிதழ்களின் தலைப்பில் வரும் “டு ஹூம் இட் மே கன்சர்ன்” நாம் எல்லாரும் பார்த்ததுதான். ‘டு’ பக்கத்தில் ‘ஹூம்’ என்பதற்கு அதுவே நல்ல நினைவுக்குறி.

‘தேன்’ பற்றியும் கேட்கிறார்கள். “ஷீ இஸ் டாலர் தேன் மீ” அன்றாட ஆங்கிலத்தில் ஏற்கப்பட்டது. முறையான எழுத்தில் “தேன் ஐ ஆம்” என்று முழுதாக எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. சில இடங்களில் பொருளே மாறும், கவனம். “ஷீ லைக்ஸ் யூ மோர் தேன் மீ” என்றால் அவளுக்கு என்னைவிட உன்னை அதிகம் பிடிக்கும். “மோர் தேன் ஐ டூ” என்றால் உன்மீது எனக்கு இருக்கும் பிரியத்தைவிட அவளுக்கு அதிகம். பெரிய சண்டையே வரலாம்!

8. காதுக்கும் பயிற்சி வேண்டும்

எஸ்பிஎம் ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள். கேட்டல் தாளில் பிள்ளைகள் தவறவிடுவது இந்தச் சின்னச் சொற்களைத்தான். இயல்பான பேச்சில் முன்னிடைச்சொல்லும் மூவிடப்பெயரும் அழுத்தமின்றி ஒட்டிக்கொள்ளும். “கிவ் இட் டு ஹிம்” என்பது “கிவிட் டு இம்” என்று காதில் விழும். “வெயிட் ஃபார் ஹெர்” என்பதில் ‘ஹ’ கேட்காமலே போகலாம். வேறுபடுத்திச் சொல்லும்போது மட்டும் அழுத்தம் வரும்: “இட் இஸ் ஃபார் மீ, நாட் ஃபார் ஹிம்”. வகுப்பில் இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டுங்கள்.

பயிற்சி

அடைப்புக்குறிக்குள் உள்ளவற்றுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கவும். விடையை உடனே பார்க்க வேண்டாம், காரணத்தையும் எழுதுங்கள்.

1. த பிரின்சிபல் ஸ்போக் டு மை பிரதர் அண்ட் (ஐ / மீ).
2. மை பிரதர் அண்ட் (ஐ / மீ) ஸ்போக் டு த பிரின்சிபல்.
3. த டிவி இஸ் டூ லவுட். ப்ளீஸ் (டர்ன் டவுன் இட் / டர்ன் இட் டவுன்).
4. ஷீ இஸ் எ கிளாஸ்மேட் ஆஃப் (மீ / மைன்).
5. டேக் அன் அம்ப்ரெல்லா வித் (யூ / யுவர்செல்ஃப்).
6. எவ்ரிபடி எக்ஸெப்ட் (ஹீ / ஹிம்) பாஸ்ட் த டெஸ்ட்.
7. கேன் யூ எக்ஸ்ப்ளெய்ன் (மீ திஸ் / திஸ் டு மீ)?
8. ஐ ஹாவ் லாஸ்ட் மை கீஸ். ஹெல்ப் மீ (லுக் ஃபார் தெம் / லுக் தெம் ஃபார்).

விடைகள்: 1. மீ. 2. ஐ. 3. டர்ன் இட் டவுன். 4. மைன். 5. யூ. 6. ஹிம், ‘எக்ஸெப்ட்’ இங்கே முன்னிடைச்சொல். 7. திஸ் டு மீ. 8. லுக் ஃபார் தெம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

“தமிழ்ப்பள்ளியில படிச்சா இங்கிலீஷ் வராது” என்று சொல்லும் பெற்றோரை நாம் எல்லாரும் சந்தித்திருக்கிறோம். பிள்ளையின் காதில் அது விழுந்துகொண்டே இருந்தால், தனக்குத் தெரிந்த தமிழையே ஒரு சுமையாக அது நினைக்கத் தொடங்கிவிடும். வேற்றுமைப் பாடம் நடத்தும் தமிழாசிரியர், ‘என்னோடு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, “இதைத்தான் ஆங்கிலத்தில் ‘வித் மீ’ என்கிறார்கள், ‘நானோடு’ எப்படித் தப்போ, ‘வித் ஐ’ அப்படித் தப்பு” என்று ஒரு நிமிடம் சொன்னால் போதும். ஆங்கில ஆசிரியரின் பாதி வேலை முடிந்துவிடும். தன் மொழி தனக்கு உதவுகிறது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் நான் ‘ஐ’, ‘மீ’ பிழைகளைத் திருத்துவதில்லை. பக்கத்தில் ‘த’ என்று ஓர் எழுத்து மட்டும் போடுகிறேன். தமிழில் சொல்லிப் பார் என்று அதற்குப் பொருள். அந்த மாணவிதான் இந்தக் குறியைக் கேட்டு வாங்கியவள். “அடிக்காதீங்க டீச்சர், ‘த’ன்னு போட்டு விட்டுடுங்க. நானே பாத்துக்கிறேன்” என்றாள்.

உங்கள் வகுப்பிலும் முயன்று பாருங்கள்.